முழங்கால் ஆறட்டும், ஆட்டம் காத்திருக்கும்!

மதுரையிலிருந்து தேனிப் பக்கம் போகிற பஸ்கள் காளவாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். பைபாஸ் ரோடும் தேனி ரோடும் சந்திக்கும் நாற்சந்தி அது. இன்று மேலே பாலம், கீழே நெரிசல். அங்கிருந்து மேற்கே போனால் நாகமலை புதுக்கோட்டை, பல்கலை நகர், செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி என்று ஊர்கள் வரிசையாக வரும். கல்லூரிகளும் வரும்.

காலையில் இந்த வழியே போகும் பஸ்ஸில் படிக்கட்டை ஒட்டி நிற்கும் வாலிபர்களைப் பாருங்கள். தோளில் ஒரு பை. பையில் நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். ஆட்ட உடுப்பு இரண்டு இருக்கும். இவர்களில் பலர் கபடி ஆடுகிறவர்கள். தாத்தாமார் சடுகுடு என்று சொன்ன அதே ஆட்டம்தான். அன்று களத்துமேட்டு மண்ணில் ஆடினார்கள். இன்று ரப்பர் மெத்தையில், மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் பந்தயம். ஜெயித்தால் கோப்பையும் பணமும் உண்டு. ஊரில் பெயரும் உண்டு.

இந்த வாலிபர்களுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. தோல்வியைக் கண்டு பயப்படமாட்டார்கள். எதிராளியின் பலத்தைக் கண்டும் பயப்படமாட்டார்கள். "முட்டி போய்விட்டது" என்ற ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் முகம் வெளுத்துப் போவார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டா? முழங்கால் ஜவ்வு கிழிந்தவன் மறுபடியும் ஆட முடியுமா? எத்தனை மாதம் ஆகும்? அதுவரை அவனை யார் பார்த்துக்கொள்வது?

விவரம் தெரியாததால் பல பையன்களின் கால் வீணாகிறது. ஆகவே இந்தக் கேள்விகளை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

மூட்டுக்குள் என்ன இருக்கிறது?

தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் முழங்காலில் வந்து சேருகின்றன. ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே தவிர, கதவுக்கும் நிலைக்கும் உள்ளதுபோல இரும்புக் கீல் எதுவும் அங்கே இல்லை. இரண்டையும் பிடித்து வைத்திருப்பவை நான்கு தசைநார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டின் நடுவே பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டுப் போகிறவை இரண்டு. எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இரண்டு பிறைவடிவச் சவ்வுகள் உண்டு. ஜனங்கள் இவை எல்லாவற்றையும் சேர்த்து "ஜவ்வு" என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

ஏனென்றால், எல்லா ஜவ்வுக் காயமும் ஒன்றல்ல. உள்பக்கத்துத் தசைநார் கிழிந்தால், பெரும்பாலும் கத்தி வைக்காமலே, பட்டை கட்டிப் பயிற்சி செய்து சில வாரங்களில் ஆறிவிடும். நடுவே குறுக்காகப் போகும் முன்புறத் தசைநார் அறுந்தால் கதை வேறு. டாக்டர்கள் இதை "ஏ.சி.எல்." என்கிறார்கள். நீளம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்தான். ஆனால் ஓடுகிறவன் சட்டென்று நின்று திரும்பும்போது கணைக்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடிப்பது அதுதான். முழுதும் அறுந்தால் பெரும்பாலும் அது தானாக ஒட்டிக்கொள்வதில்லை.

கபடியில் இது எப்படி நேர்கிறது? மெத்தை காலைக் கவ்விப் பிடிக்கிறது. பாதம் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. அல்லது பாடி வந்தவனை மூலையில் நிற்பவன் கணுக்காலில் பிடிக்கிறான். மற்றவர்கள் வந்து மேலே விழுகிறார்கள். எண்பது கிலோ உடம்புகள் நான்கைந்து ஒரே காலின் மீது பக்கவாட்டில் சரிகின்றன. "டப்" என்று ஒரு சத்தம். சில சமயம் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அங்கே அதற்குத்தான் கால்பந்து என்று பெயர். அதில் முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தள்ளி மறிப்பவர்களை "லைன்மேன்" என்கிறார்கள். நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெருமை அவர்களுக்குக் கிடையாது. அடுத்தவன் ஓடுவதற்கு வழி செய்வதுதான் அவர்கள் வேலை. கும்பல் சரியும்போது அகப்படுவது அவர்கள் முழங்கால். நம் ஊர்க் கபடியில் மூலையில் நிற்கும் பிடி ஆட்டக்காரனின் நிலையும் அதுவே. ஆட்டமும் தேசமும் வேறு, மூட்டு ஒன்றுதான்.

முதல் நாள் செய்யும் தவறு

விழுந்தவனைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே உட்கார வைக்கிறார்கள். யாரோ ஒருவர் வலிநிவாரணி ஸ்பிரே அடிக்கிறார். "காலை உதறு, நடந்து பார், சுளுக்குத்தான்" என்று நாலு பேர் சொல்கிறார்கள். பையனும் எழுந்து நடக்கிறான். சில நிமிஷம் கழித்து மறுபடியும் களத்தில் இறங்குகிறான். ஏற்கெனவே ஒன்று அறுந்திருக்கும் மூட்டில் இரண்டாவது முறை திருகும்போது பிறைவடிவச் சவ்வும் கிழிகிறது. ஒரு காயம் இரண்டாகிறது.

அன்று இரவு மூட்டு பந்துபோல வீங்குகிறது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது செய்ய வேண்டியது மிகவும் எளிது. ஆட்டத்தை நிறுத்துவது, துணியில் சுற்றிய ஐஸ் வைப்பது, அழுத்தமாகக் கட்டுத்துணி சுற்றுவது, காலை உயர்த்தி வைப்பது, எலும்பு டாக்டரிடம் காட்டுவது.

ஆனால் நடப்பது என்ன? எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுப் போடுகிறார்கள். நாட்டுக் கட்டு வைத்தியத்தைப் பழிப்பது நோக்கமல்ல. எலும்பு அசையாமல் வைத்தால் அது கூடுவதற்கு உதவும் என்ற அனுபவ அறிவு அதில் உண்டு. ஆனால் அறுந்த குறுக்குத் தசைநாரை வெளியே போடும் கட்டு இணைக்காது. வீங்கிய மூட்டை நீவினால் வீக்கம் கூடும். கட்டுக்குள் வாரக்கணக்கில் மடங்காமல் கிடக்கும் காலில் தொடைத் தசை சூம்பிப்போகும். பிறகு டாக்டரிடம் வரும்போது பாதி வேலை அந்தத் தசையை மீட்பதிலேயே போய்விடுகிறது.

கத்தி அவசியமா?

இந்த இடத்தில் பெற்றோருக்கு இரண்டு வகையான பயம். ஆபரேஷன் என்றால் ஒரு பயம். ஆபரேஷன் இல்லையென்றால் கால் போய்விடுமோ என்று ஒரு பயம்.

முழங்காலின் குறுக்குத் தசைநார்களைத் தைத்துச் சரிசெய்த முதல் ஆபரேஷன் 1895ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நடந்தது. செய்தவர் மேயோ ராப்சன் என்ற டாக்டர். செய்துகொண்டவர் விளையாட்டு வீரர் அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த 41 வயதுத் தொழிலாளி. காலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு முழங்கால் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இன்று அறுந்ததை அப்படியே தைப்பது குறைவு. நோயாளியின் தொடைக்குப் பின்னாலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ நார் எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய தசைநார் இருந்த பாதையில் புதிதாகப் பொருத்துகிறார்கள். சிறு துவாரம் வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்துச் செய்வதால் பெரிய தழும்பும் இருப்பதில்லை.

ஆனால் எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்பதில்லை. சுவீடனில் 121 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். எல்லோரும் காயம்பட்ட வாலிபர்கள். ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷன். மற்றப் பிரிவினருக்கு முதலில் பயிற்சி. தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். முடிவுகள் 2010ல் வெளியாயின. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரின் கால் நிலையிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சியோடு தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த இரண்டு வருடத்தில் கத்தி தேவைப்படவேயில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெட்டித் திரும்பி ஆடுகிற கபடிக்கே திரும்ப நினைக்கிறவனுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் ஆபரேஷனையே சொல்கிறார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறவனுக்குப் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம்.

ஆகவே முதல் கேள்வி, "ஆபரேஷன் செய்யலாமா?" என்பதாக இருக்கக்கூடாது. "இந்தக் காலை வைத்துக்கொண்டு பையன் என்ன செய்யப் போகிறான்?" என்பதே முதல் கேள்வி.

ஒன்பது மாதக் கணக்கு

ஆபரேஷன் முடிந்தது. கால் சரியாகிவிட்டதா? இல்லை. வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

முதல் இரண்டு வாரம் வீக்கத்தைக் குறைத்து, காலை முழுதும் நீட்டப் பழக்கவேண்டும். அடுத்த இரண்டு மாதம் நடை, சைக்கிள் மிதிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. மூன்றாவது, நான்காவது மாதத்தில் நேர்கோட்டில் மெல்லோட்டம். ஆறாவது மாதம் வாக்கில் குதிப்பதும் திரும்புவதும். அதன் பிறகே ஆளோடு ஆள் மோதும் பயிற்சி.

இதில் ஒரு பொல்லாத ரகசியம் இருக்கிறது. நான்காவது மாதத்திலேயே வலி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பையனுக்குக் கால் பழையபடி ஆகிவிட்டதாகத் தோன்றுகிறது. உள்ளே பொருத்திய நாரோ அப்போது பக்குவப்படவில்லை. பொருத்திய சில வாரங்களில் அது முதலில் பலம் இழக்கிறது. பிறகு மெதுவாக ரத்த ஓட்டம் பிடித்து, மாதக்கணக்கில் உருமாறித்தான் தசைநாராகிறது. வலி நின்ற நாளும் கால் ஆறிய நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில மாதங்கள்தான் மிகவும் ஆபத்தானவை.

காளவாசல் என்ற பெயர் சூளையைக் குறிப்பது. சூளை வைக்கிறவர்களுக்கு இந்த உண்மை தெரியும். வெளிப்பக்கம் சிவந்துவிட்டதென்று அவசரப்பட்டுப் பிரித்த செங்கல், முதல் மழையிலேயே கரையும். வேகும் நாள் வெந்துதான் ஆகவேண்டும்.

ஆபரேஷன் செய்துகொண்ட 106 ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2016ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒன்பது மாதம்வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயம்படும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கால் பலத்தையும் குதிக்கும் திறனையும் சோதித்துத் தேறிய பிறகே களமிறங்கியவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் மீண்டும் காயம். தேறாமல் இறங்கியவர்களில் நூற்றுக்கு முப்பத்தெட்டு பேருக்குக் காயம்!

அந்தச் சோதனை என்ன? பெரிய வித்தை ஒன்றுமில்லை. அடிபட்ட காலின் தொடைப் பலம், நல்ல காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருக்கிறதா? ஒற்றைக் காலால் தாவினால் இரண்டு காலும் ஏறத்தாழ ஒரே தூரம் போகின்றனவா? தாவும் தூரத்தை எந்தக் கல்லூரி மைதானத்திலும் ஒரு அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிடலாம்.

பவன் செராவத் காட்டிய வழி

கபடி ரசிகர்களுக்கு இதைப் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணால் கண்ட உதாரணமே இருக்கிறது.

2022ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அதுவரை புரோ கபடியில் யாருக்கும் கிடைக்காத தொகை. அணித் தலைவரும் அவரே. 2022 அக்டோபர் 8ந் தேதி பெங்களூரில் குஜராத் அணியோடு முதல் ஆட்டம். அந்த முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவத்தில் மறுபடி அவர் களமிறங்கவேயில்லை.

இரண்டேகால் கோடி! ஒரு ஆட்டம்கூட முழுதாக இல்லை! வேறு யாராக இருந்தாலும், "கட்டுப் போட்டுக்கொண்டாவது கடைசி ஆட்டங்களுக்கு வா" என்ற ஆசை வந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. அவர் சிகிச்சைக்குப் போனார். அணி அவர் இல்லாமலே ஆடியது. ஆடி, தன் சரித்திரத்தில் முதல் முறையாக அரையிறுதிவரையும் போனது.

பவன் என்ன ஆனார்? 2023 ஜூன் கடைசியில் தென்கொரியாவின் பூசான் நகரில் ஆசியக் கபடிப் போட்டி. காயம்பட்டு எட்டு மாதத்துக்கும் மேலாகியிருந்தது. இந்திய அணியின் தலைவராக அவர் இறங்கினார். இறுதி ஆட்டத்தில் ஈரானை வென்று இந்தியா பட்டம் பெற்றது. பிறகு சீனாவில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. மறுபடியும் ஈரானோடு இறுதி ஆட்டம். மறுபடியும் பவனே தலைவர். 33-29 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அன்று தேதி 2023 அக்டோபர் 7. பெங்களூரில் அவர் விழுந்து ஒரு வருடம் நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி!

அதே அக்டோபரில் நடந்த ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் அணி அவரை 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்து எடுத்தது. விலையிலும் பழைய சாதனை முறிந்தது. முழங்காலை நம்பித்தான் அந்த விலை.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் கதையும் இதற்குத் துணை நிற்கிறது. 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் முறுக்கிக்கொண்டு ஸ்டிரெச்சரில் வெளியே போனார். 2018ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் மறுபடி முழங்கால், மறுபடி ஆபரேஷன். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கே போய்விட்டார். அங்கே அவரைத் தடுத்தது நூறு கிராம் எடை; முழங்கால் அல்ல.

எல்லோரும் திரும்புவார்களா?

உண்மையை மறைத்து நம்பிக்கை ஊட்டுவதில் பயனில்லை. எல்லோரும் பவன் செராவத் ஆவதில்லை. உலகம் முழுவதும் நடந்த பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2014ல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் அடக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் நூற்றுக்கு 81 பேர். பழைய தரத்துக்கே திரும்பியவர்கள் 65 பேர். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 பேர்.

அதாவது, நூற்றில் ஐந்தில் நான்கு பங்குப் பேர் ஓடியாடுகிறார்கள். பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் போட்டிக் களத்துக்கு வருகிறார்கள். மற்றவர்கள் ஏன் வருவதில்லை? சிலருக்குக் கால் இடம் கொடுப்பதில்லை. பலருக்கு மனம் இடம் கொடுப்பதில்லை. மறுபடி அந்த "டப்" சத்தம் கேட்குமோ என்ற பயம். இதைக் கோழைத்தனம் என்று சொல்லக்கூடாது. காலுக்குப் பயிற்சி தேவைப்படுவதுபோல மனத்துக்கும் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தத் தசைநார் அறுந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பத்து இருபது வருடத்துக்குள் மூட்டுத் தேய்மானம் தலைகாட்டுகிறது. இருபது வயதில் அடிபட்டவனுக்கு நாற்பதுக்குள் கிழவனின் முழங்கால்! மறுபடி மறுபடி அடிபட்டால் நிலை இன்னும் மோசம். கபடி ஆட்டம் சில வருடம். அதன் பிறகு அந்தக் காலை வைத்துத்தான் வயலில் இறங்க வேண்டும். சாரத்தில் ஏற வேண்டும். லாரி ஓட்ட வேண்டும். போலீஸ் உத்தியோகம் கிடைத்தால் வெயிலில் நிற்க வேண்டும். கோப்பைக்காகக் காலைப் பணயம் வைப்பது எவ்வளவு நஷ்டமான பந்தயம் என்பதை ஊர்ப் பெரியவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கல்லூரிகள் என்ன செய்ய வேண்டும்?

பவன் செராவத்துக்குப் பின்னால் பணம் இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், பயிற்சியாளர்கள் இருந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

அவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்தவன். ஆடுகிறான் என்பதற்காகத்தான் கட்டணச் சலுகை. அதற்காகத்தான் விடுதிச் சாப்பாடு. படிப்பு முடிந்தால் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத இடத்தில் ஒன்று கிடைக்கும் என்ற ஆசை. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆட வேண்டும். அந்தப் போட்டியோ அவன் ஆபரேஷன் செய்துகொண்ட ஐந்தாவது மாதத்தில் வருகிறது!

அவன் என்ன செய்வான்? "வலி இல்லை சார்" என்பான். முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு இறங்குவான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஒன்பது மாதம் காத்திரு என்று டாக்டர் சொல்வது சுலபம். காத்திருப்பதற்கு வகை செய்து கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். கல்லூரியின் பெயருக்காக ஆடிக் காயம்பட்டவனுக்கு, ஆடாத அந்த வருடமும் சலுகையும் விடுதியும் தொடரும் என்று கல்லூரி எழுதிக் கொடுக்கலாம். மோதல் ஆட்டம் ஆடும் ஒவ்வொரு மாணவனுக்கும் விபத்துக் காப்பீடு எடுக்கலாம். டாக்டர் கையெழுத்தும் தாவும் சோதனையும் இல்லாமல் காயம்பட்டவனை அணியில் சேர்ப்பதில்லை என்று விதி வைக்கலாம். பிசியோதெரபி படிக்கும் மாணவர்கள் மதுரையில் இருக்கிறார்கள். வாரம் இரு மாலை அவர்களை மைதானத்துக்கு வரச்செய்தால் இரு தரப்புக்கும் நன்மை. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பங்கள், இந்தச் சிகிச்சைக்கு அதில் இடமுண்டா என்று கடன் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊர்ப் பந்தயம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தலுக்கும் மைக்குக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பகுதி போதும். ஒரு ஸ்டிரெச்சர், ஒரு பெட்டி ஐஸ், முதலுதவி தெரிந்த ஒரு ஆள், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி. இவை இல்லாத இடத்தில் கோப்பை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நல்ல பந்தயமாகாது.

வராமல் காப்பது

வந்த பின் ஒன்பது மாதம் அழுவதைவிட, வராமல் காக்க நாளுக்கு இருபது நிமிஷம் செலவழிக்கலாம். உலகக் கால்பந்து சங்கமான பிஃபா ஒரு பயிற்சி முறையை வகுத்திருக்கிறது. "11 பிளஸ்" என்று பெயர். மெல்லோட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் பலம் தரும் பயிற்சி, ஒற்றைக் கால் நிலை, முழங்கால் உள்பக்கம் சாயாமல் குதித்து ஊன்றுவது - இவ்வளவுதான். கருவி எதுவும் வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளில் இதைச் செய்து பார்த்தபோது காயங்கள் நூற்றுக்கு 46 குறைந்தன. கபடிக்கும் முழங்கால் அதே முழங்கால்தான்.

பெண்கள் அணிகளுக்கு இது இன்னும் அவசியம். கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தத் தசைநார் அறுவது இரண்டு மடங்குக்கும் மேல் என்பது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. மதுரையின் பெண்கள் கல்லூரிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் ஆடினார். பாதி வயதுப் பையன்களின் காலைப் பிடித்து மடக்கினார். உடம்பைக் காத்தவனுக்கு இந்த ஆட்டம் நெடுநாள் சோறு போடும் என்பதற்கு அவரே உதாரணம்.

ஆகவே, முட்டியில் அடிபட்ட தம்பிகளே, கதை முடிந்துவிட்டதென்று மூலையில் உட்காரவேண்டாம். வலி நின்றுவிட்டதென்று களத்துக்கு ஓடவும் வேண்டாம். முதல் வாரமே டாக்டரைப் பாருங்கள். சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்யுங்கள். மாதத்தை எண்ணுங்கள், எண்ணி முடித்த பிறகு காலைச் சோதித்துப் பாருங்கள். தேறினால் இறங்குங்கள்.

கல்லூரித் தலைவர்களே, பெற்றோர்களே, அந்த ஒன்பது மாதமும் அவனுக்குச் சோறும் இடமும் தைரியமும் கொடுங்கள். பொங்கல் அடுத்த வருஷமும் வரும். பந்தயமும் வரும். முழங்கால் மட்டும் ஆளுக்கு இரண்டுதான்!